தொண்டையில் விடாமல் நிற்கும் சளி: எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு செய்வது

காலையில் எழும்பினால் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கும். செருமினால் கொஞ்சம் இறங்கும், பத்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். தடிமன் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் போகாது. எனக்கு இது ஒன்றரை வருடம் இருந்தது. பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் என்று தொண்டையை வைத்துப் பிழைக்கிற ஆள் நான். சுகப்பட்ட பிறகு கூடப் படிப்பிக்கிறவர்களும் அயலவர்களும் பிள்ளைகளின் அம்மாமாரும் வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அநேகமாக எல்லோரும் நான் விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். ஒரே கிழமையில் பாணி மருந்து, அன்ரிபயோற்றிக், கசாயம், வேது (ஆவி பிடித்தல்) எல்லாவற்றையும் தொடங்குவார்கள். பத்தாம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக விடுவார்கள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் டொக்டர் இல்லை. கீழே இருப்பது என் தொண்டைக்காகக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதும், மற்றவர்கள் தடுமாறியதைப் பார்த்து ஒழுங்குபடுத்தியதும். பெரியவர்களுக்காக எழுதியது. சின்னப்பிள்ளைகளுக்கு அப்படியே செய்ய வேண்டாம்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்னக் கொப்பி. மூடி உள்ள தண்ணீர்ப் போத்தல் ஒன்று. நீங்கள் இப்போது குடிக்கிற எல்லாக் குளிசைகளின் பெயர்களும் எழுதிய துண்டு. பிரஷர், சீனி, மூட்டுவலி என்று எதையும் விடாமல். மூக்குக் கழுவ மெதுவாக அமுக்கக்கூடிய பிளாஸ்ரிக் போத்தல் அல்லது ஊசியில்லாத பெரிய சிறிஞ், இரண்டும் பாமசியில் கிடைக்கும். அவ்வளவுதான் சாமான். மற்றது எட்டுக் கிழமைப் பொறுமை. மூன்று நாளில் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மூன்றாம் நாளே அடுத்த மருந்துக்குத் தாவுவார்கள்.

1. முதலில் காத்திருக்கக் கூடாதவற்றைப் பிரித்து எடுங்கள்

இதை முதலாவதாக வைத்ததற்குக் காரணம், மற்ற எல்லாம் பொறுமையாகச் செய்யவேண்டியவை. இது மட்டும் பொறுக்காது.

சளியில் இரத்தம், சாப்பாடு தொண்டையில் இறுகுதல், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் மெலிதல், இரவில் வேர்த்துக் கொட்டுதல், ஒரு பக்கத் தொண்டை மட்டும் நோவெடுத்து அதே பக்கக் காதுக்கும் இழுத்தல், மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்முதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்செடுக்கக் கஷ்டமென்றால் அன்றைக்கே. பொயிலையோடு வெற்றிலை போடுபவர்களும் சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்களும் இன்னும் வெள்ளெனப் போக வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குச் செருமல் பழகிப்போய், மாறிய செருமலைக் கவனிக்கமாட்டார்கள்.

இருமலோடு சளி இரண்டு கிழமையைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. இலங்கையின் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அந்தப் பரிசோதனை இலவசம். அங்கே அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று: குடுவைக்குள் எச்சிலைத் துப்பிக் கொடுப்பது. காலையில் எழும்பியதும் வாயைக் கொப்பளித்து, இழுத்து மூச்செடுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருவதைத்தான் கொடுக்க வேண்டும். எச்சிலைச் சோதித்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம்.

2. குடிக்கிற குளிசைகளைப் பாருங்கள்

செலவில்லாத படி, அதனால் இரண்டாவது.

பிரஷருக்குக் கொடுக்கிற ஒரு வகைக் குளிசைகளின் பெயர் 'பிரில்' என்று முடியும்: எனலாபிரில், கப்டோபிரில், லிசினோபிரில். குடிக்கிற சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டையில் ஏதோ அரிக்கிற மாதிரியான உணர்வும் வரும். மருந்து தொடங்கிய கிழமையே வரவேண்டும் என்றில்லை, மாதங்கள் கழித்தும் வரும். அதனால்தான் இரண்டையும் ஒருவரும் தொடுத்துப் பார்ப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி நாலு மாதம் பாணி மருந்து குடித்தா. துண்டை எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போனபோது குளிசையை லோசாட்டனுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் செருமல் அடங்கிவிட்டது. நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷர் ஏறினால் தொண்டையைவிடப் பெரிய வில்லங்கம். கேட்டு மாற்றுங்கள்.

அடுத்தது மூக்கடைப்புக்கு விடுகிற துளிமருந்து. சைலோமெற்றசோலின் என்று போத்தலில் இருக்கும். விட்டவுடன் மூக்குத் திறக்கும், அதுதான் அதன் பொறி. ஒரு கிழமைக்கு மேல் விட்டால், மருந்து இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக வீங்கும். திரும்ப விடுவீர்கள், திரும்ப வீங்கும். வருடக்கணக்கில் மேசை லாச்சிக்குள் அந்தப் போத்தலோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, தடிமனுக்கு எல்லா வீட்டிலும் இருக்கிற அந்த மஞ்சள் நித்திரைக் குளிசை, பிரிற்றன் (குளோபெனிரமின்). மூக்கால் ஓடுவதை நிறுத்தும், உண்மை. ஆனால் வாயையும் தொண்டையையும் காயவைத்து, இருக்கிற சளியைப் பசையாக்கிவிடும். சலம் கழிக்கச் சிரமப்படுகிற வயதான ஆண்களுக்கு அதையும் அடைக்கும்.

3. இரண்டு கிழமை கொப்பி எழுதுங்கள், புதிதாக ஒன்றும் குடிக்காமல்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு முழு வழியையும் காட்டியதும் இதுதான்.

மூக்கும் அதைச் சுற்றியுள்ள அறைகளும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் சளியைச் சுரக்கின்றன. அது பின்பக்கமாக இறங்கி, நாங்கள் அறியாமலே விழுங்குப்பட்டுப் போகும். ஆகவே தொண்டையில் சளி இருப்பது நோயில்லை. அது கூடிவிட்டதா, தடித்துவிட்டதா, அல்லது வழக்கமான சளியையே தாங்கமாட்டாமல் தொண்டைதான் புண்பட்டுப் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கொப்பியில் ஒரு நாளைக்கு நாலைந்து வரி போதும். எத்தனை மணிக்குக் கூடியது, அப்போது எங்கே இருந்தேன், அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், படுத்தது எத்தனை மணிக்கு, துப்பியது தண்ணியா, பசையா, என்ன நிறம், மூக்கு அடைத்ததா, தும்மல் வந்ததா. நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சளும் பச்சையும் வெள்ளணுக்கள் வேலை செய்வதால் வருகிற நிறம். அதை மட்டும் வைத்து அன்ரிபயோற்றிக் வாங்கக் கூடாது.

இரண்டு கிழமை முடிந்து கொப்பியை விரித்தால் பெரும்பாலும் நாலு விதமான கோலங்களில் ஒன்று தெரியும்.

தும்மல், மூக்கரிப்பு, மூக்கின் பின்பக்கத்தால் ஏதோ வழிகிற உணர்வு. சோளகக் காற்றில் செம்மண் புழுதி எழும்புகிற மாதங்களில் கூடுதல். வீடு கூட்டும்போதும் பழைய புத்தகம் தட்டும்போதும் கூடுதல். இது மூக்கு வழி. ஊரில் பீனிசம் என்று சொல்வதில் பாதி இதுதான்.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் கூடுகிறது, குனிந்தால், படுத்தால் கூடுகிறது, காலையில் வாய் புளிக்கிறது, குரல் கரகரக்கிறது. இது வயிற்று வழி. நெஞ்செரிவு இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. தொண்டை வரைக்கும் வருகிற அமிலம் பலருக்கு நெஞ்சை எரிக்காமலே வந்துபோகும். எனக்கு நெஞ்செரிவு ஒரு நாளும் இருந்ததில்லை, அதனால் ஒரு வருடம் அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

இரவிலும் விடியப்புறமும் இருமல், மாடி ஏறினால் இழுப்பு, நெஞ்சுக்குள் கறகறப்பு. இது நெஞ்சு வழி. தொய்வு (ஆஸ்துமா), அல்லது புகையால் கெட்ட சுவாசக்குழாய்.

நாலாவது விசித்திரமானது. எவ்வளவு செருமினாலும் ஒன்றும் வராது. சாப்பிடும்போது அந்த உணர்வு காணாமல் போகும், சும்மா இருக்கும்போது வந்து உட்காரும். பரீட்சைக் காலம், வீட்டுப் பிரச்சினை என்றால் கூடும். இங்கே சளியே இல்லை, தொண்டைத் தசைகளின் இறுக்கம்தான். இதற்குச் சளி மருந்து குடித்துப் பிரயோசனமில்லை. நாலாம் படியைச் செய்து, ஒருமுறை டொக்டரிடம் காட்டி, பயப்பட ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொள்வதே பாதி மருந்து.

இரண்டு கோலங்கள் கலந்தும் வரும். என் கொப்பியில் மூக்கும் வயிறும் இரண்டும் இருந்தன.

நல்ல உறைப்புக் கறியோடு சாப்பிடும்போது மூக்கால் ஓடுவதை எழுத வேண்டாம். எங்கள் தூளுக்கு யாருக்கும் ஓடும்.

4. செருமுவதை நிறுத்துங்கள்

காரணம் எதுவானாலும் இந்தப் படி எல்லோருக்கும் பொது. ஆகக் கடினமானதும் இதுதான்.

செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன. உரசிய இடம் வீங்கும். வீங்கிய இடத்தைக் காக்க உடம்பு இன்னும் சளியைச் சுரக்கும். அந்தச் சளிக்காகத் திரும்பச் செருமுவோம். முதல் காரணம் சுகமான பிறகும் இந்தச் சுற்று தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

நான் எவ்வளவு செருமுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பின்வாங்கில் இரண்டு பெடியள் குசுகுசுத்துச் சிரித்தார்கள். கொப்பியை வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் கோடு. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு, ஒழுங்காக. "என்னடா இது?" என்றேன். "ரீச்சர் செருமினதை எண்ணினனாங்கள்." ஒரு பாடவேளையில் 43. அடிக்க வேண்டிய இடத்தில் அந்தக் கொப்பியை இரவல் கேட்டேன்.

செய்ய வேண்டியது இப்படி. செரும வேண்டும் போல வந்தவுடன் ஒரு வாய் தண்ணீரை எடுத்து, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, பலமாக விழுங்குங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை இரண்டு தரம் விழுங்குங்கள். அதிலும் போகவில்லையென்றால் கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி, சத்தமில்லாமல் 'ஹா' என்று மூச்சை வெளியே தள்ளி உடனே விழுங்குங்கள். குரல்நாண் மோதாமல் சளி நகரும். கடைசியாக, வாயை மூடி மெதுவாக 'ம்ம்ம்' என்று முனகலாம்.

முதல் நாலைந்து நாள் பொல்லாத கஷ்டம். செருமாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும், நிற்காது. இரண்டாம் கிழமையில் ஆசை குறையத் தொடங்கும். வீட்டில் ஒருவரைக் காவலுக்கு வையுங்கள். என் மகள் நான் செருமினால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். ஆத்திரம் வரும், ஆனால் வேலை செய்யும்.

இதில் புதியவர்கள் விடுகிற பிழை, செருமலை விட்டுக் காறலைப் பிடிப்பது. மூக்கை உள்ளே இழுத்து, காறித் துப்புவதும் அதே உரசல்தான். படிப்பிப்பவர்கள் கிசுகிசுத்துப் பேசிக் குரலைக் காப்பாற்றலாம் என்றும் நினைப்பார்கள். வலிந்து கிசுகிசுப்பதும் குரல்நாணை இறுக்கும். மெதுவான சாதாரணக் குரலில் கதையுங்கள், வெண்கட்டித் தூளை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

5. தண்ணீரைச் சரிப்படுத்துங்கள்

எங்கள் பக்கம் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரைக் குடிக்க மனம் வராமல் நாள் முழுக்கத் தேத்தண்ணியில் ஓட்டுபவர்கள் அதிகம். சளியில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு காய்ந்தால் அது பசையாகும். சலம் வெளிறிய நிறத்தில் போகிற அளவுக்குக் குடியுங்கள். ஒரேயடியாக ஒரு செம்பு குடிப்பதைவிட அடிக்கடி ஒரு வாய். சிறுநீரக வருத்தமோ இதய வருத்தமோ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தப் பந்தி உங்களுக்கில்லை.

மின்விசிறியை முகத்துக்கு நேரே விட்டுப் படுக்காதீர்கள். வாயால் மூச்செடுத்துக் காற்றும் அடித்தால் விடியத் தொண்டை காய்ந்த ஓலை மாதிரி இருக்கும்.

பால் குடித்தால் சளி கூடும் என்பது எங்கள் ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. பால் எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் தொண்டையில் தடிப்பாகப் படிகிறது. அந்த உணர்வைத்தான் சளி என்று நினைக்கிறோம். சுரப்பு கூடுவதில்லை. பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

6. கோலம் மூக்கு வழி என்றால்: முதலில் கழுவுதல், பிறகு ஸ்பிறே

வரிசை மாறக்கூடாது. சளியால் மூடிய மூக்குக்குள் ஸ்பிறே அடித்தால் மருந்து சளியில் படியும், தோலில் படியாது. அடுத்து மூக்கைச் சிந்தும்போது காசும் சேர்ந்து போகும்.

கழுவும் தண்ணீரில் விளையாட்டுக்கு இடமில்லை. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். நன்னீரில் வாழ்கிற ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறக்கூடியது. மிக அரிது, கேரளாவில் நடந்திருக்கிறது, பிடித்தால் தப்புபவர்கள் குறைவு. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கால் போனால்தான். வடிகட்டிய தண்ணீரை நம்பவேண்டாம், கொதிக்க வைத்ததை நம்புங்கள்.

அரை லீற்றருக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, கால் தேக்கரண்டி அப்பச்சோடா. அப்பச்சோடா எரிவைக் குறைக்கும். இரண்டும் தலைதட்டி அளந்து. உப்பே போடாத தண்ணீர் மூக்கைக் கொளுத்தும். முதல் நாள் அப்படிச் செய்து "இது எனக்கு ஒத்துவராது" என்று விட்டவர்கள் ஏராளம். அளக்கப் பஞ்சியென்றால் பாமசியில் சேலைன் போத்தல் வாங்கிப் பாவிக்கலாம், உப்பின் அளவு அதில் சரியாக இருக்கும்.

இளஞ்சூட்டில், பேசினுக்கு மேல் முன்னால் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்செடுத்துக்கொண்டு, மேல்பக்க மூக்குத்துளையால் மெதுவாக விடுங்கள். மறுதுளையால் ஓடும். ஒரு பக்கத்துக்கு 100 மில்லிலீற்றர் அளவு. தலையை நிமிர்த்தினாலோ விழுங்கினாலோ காதுக்குப் போய் அடைக்கும். முடிந்ததும் ஒவ்வொரு துளையாக மெல்லச் சிந்துங்கள், இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தக் கூடாது. மிச்சத் தண்ணீரை அடுத்த நாளைக்கு வைக்காதீர்கள், போத்தலைக் கழுவிக் காயவிடுங்கள். படுக்கப் போகிற நேரத்தில் செய்தால் தங்கிய தண்ணீர் இரவில் தொண்டையில் சொட்டும்; ஒரு மணித்தியாலம் முன்னதாகச் செய்யுங்கள். காதில் நோ இருந்தால், அண்மையில் மூக்கில் சத்திரசிகிச்சை செய்திருந்தால், கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இந்த ஒன்றே பலருக்குப் போதும். போதாவிட்டால் டொக்டர் ஸ்ரிறொயிட் ஸ்பிறே தருவார்: புளூற்றிக்கசோன், மொமெற்றசோன் போன்றவை. ஸ்ரிறொயிட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறோம். மூக்கில் அடிக்கிற அளவில் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. பயப்பட வேண்டியது, பெயர் எழுதாத சின்னக் கடதாசிப் பைக்குள் கலந்து தருகிற குளிசைகளுக்கு. மூன்று நாளில் பறந்துபோகிற பீனிசத்தின் பின்னால் சிலவேளை ஸ்ரிறொயிட் குளிசை இருக்கும். பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்பிறேயை நான் முதல் மாதம் முழுக்கப் பிழையாக அடித்தேன். வலது கையால் வலது துளைக்குள், நேரே நடுச்சுவரில். இரத்தம் கசிந்தது, மருந்து கூடாது என்று எறிந்துவிட்டேன். பிறகு கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மிஸ் என் கையைப் பிடித்துக் காட்டினா: "வலது கை இடது மூக்குக்கு, இடது கை வலது மூக்குக்கு. நுனி கண்ணின்ர வெளிப்பக்கத்தைப் பாக்கோணும். தலையைக் குனியுங்கோ, உறிஞ்சாதேங்கோ." பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் போய்க் கசக்கும், மூக்குக்குப் பலனில்லை. கழுவிப் பத்து நிமிடம் கழித்து அடியுங்கள். நாள்தோறும் அடிக்க வேண்டும். முழுப்பலன் தெரிய இரண்டு கிழமை வரை போகும். அடைக்கும்போது மட்டும் அடிப்பது வீண்.

பக்கத்தில் வீட்டையும் பாருங்கள். தலையணையுறை, படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். மின்விசிறி இதழில் அப்பியிருக்கிற தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். நுளம்புத் திரியைப் படுக்கையறையில் கொளுத்துவதைவிட வலை கட்டுவது நல்லது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் அம்மாமார் என்னோடு கோபிப்பார்கள். யன்னலைத் திறந்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

ஒரு மூக்குத்துளையால் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் இந்தப் படி உதவாது. பெரியவர்களுக்கு மேல்பல்லின் வேரில் கிருமி இருக்கலாம், பல் வைத்தியரிடமும் காட்ட வேண்டும். பிள்ளைகளென்றால் உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கும்.

7. கோலம் வயிற்று வழி என்றால்: மணிக்கூடும் செங்கல்லும்

ரியூசன் முடிந்து வீட்டுக்கு வர எட்டரை. குளித்து, புட்டும் கறியும் சாப்பிட ஒன்பதரை. பத்துக்குப் படுக்கை. என் நோயின் முக்கால்வாசி அந்த அரை மணித்தியாலத்தில் இருந்தது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் வயிற்றில் உள்ளது மேலே வரும். அமிலத்தோடு பெப்சின் என்ற சமிபாட்டு நொதியமும் வந்து தொண்டையை அரிக்கும். தொண்டை தன்னைக் காக்கச் சளி சுரக்கும்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். என்னால் படுக்கும் நேரத்தைப் பின்தள்ள முடியவில்லை, சாப்பாட்டை முன்தள்ளினேன்: ரியூசனுக்கு இடைவேளை விட்டு ஆறரைக்கு இடியப்பம், வீட்டுக்கு வந்தால் ஒரு வாழைப்பழத்தோடு சரி. இரவில் பொரியல், தேங்காய்ப்பால் தடித்த கறி, கோப்பி ஆகியவற்றைக் குறைத்தேன். ஒடியல் கூழை மத்தியானத்துக்கு மாற்றினேன், விடவில்லை.

கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இங்கே எல்லோரும் விடுகிற பிழை தலையணையைக் கூட்டுவது. தலையணை கழுத்தை மட்டும் மடக்கும், வயிறு நசியும், இன்னும் மேலே தள்ளும். உடம்பு முழுதும் சரிவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும். இறுக்கிக் கட்டிய சாரம், பாவாடை நாடாவையும் தளர்த்துங்கள்.

இவற்றை மூன்று நாலு கிழமை செய்துவிட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். டொக்டர் ஒமிப்பிரசோல் தந்தால் அதைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் குடிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு மற்றக் குளிசைகளோடு சேர்த்து விழுங்குபவர்கள்தான் "கேக்கேல்லை" என்று வருபவர்களில் அதிகம். நெஞ்செரிவு இல்லாமல் தொண்டை மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இந்தக் குளிசை பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் மாதக்கணக்கில் சும்மா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குக் குளிசையைவிடச் செங்கல்தான் கேட்டது.

8. கோலம் நெஞ்சு வழி என்றால்

இது வீட்டில் தீர்க்கிற விஷயமில்லை. தொய்வா என்று ஊதிப் பார்க்கச் சொல்லி அளப்பார்கள், தேவையென்றால் வாயால் இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) தருவார்கள். பம்ப் பிடித்தால் விடமுடியாது என்ற பயத்தில் பாணியிலேயே காலம் தள்ளுபவர்களுக்குக் குழாய்தான் சுருங்கிக்கொண்டு போகும். புகைப்பவர்கள் விட்டால் முதல் சில கிழமை சளி கூடுவது போல இருக்கலாம். குழாய்க்குள் சளியைக் கூட்டித் தள்ளுகிற நுண்மயிர்கள் திரும்ப வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளம் அது. அதைப் பார்த்துத் திரும்பப் பற்றவைக்காதீர்கள். விறகடுப்பில் சமைப்பவர்கள் புகைக்கூடு இல்லாத குசினியில் நிற்கிற நேரத்தைக் குறைக்க வழி பாருங்கள்.

9. வேதும் மல்லித்தண்ணியும் எந்த இடத்தில் வரும்

மூலத்தைப் பிடித்த பிறகு, துணைக்கு. முன்னால் வைத்தால் அன்றைய சுகத்தில் மூலத்தைத் தேட மறந்துவிடுவீர்கள்.

வேது பிடித்தால் பசைச்சளி இளகும், சுகமாக இருக்கும், ஒரு மணித்தியாலத்தில் பழையபடி. சட்டியை மேசையில் வையுங்கள், மடியிலோ கட்டிலிலோ வேண்டாம். போர்வைக்குள் சட்டி கவிழ்ந்து தொடை வெந்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வேது பிடிக்கவே வேண்டாம். யூக்கலிப்டஸ் தைலம் ஒரு துளிக்கு மேல் விட்டால் கண் எரியும், மூக்கும் காயும். அது வாயால் போனால் பிள்ளைகளுக்கு நஞ்சு, உயரத்தில் வையுங்கள்.

உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது. தேன் தொண்டையை ஆற்றும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தொடக்கூடாது. மல்லித்தண்ணியில் குற்றமில்லை. ஆனால் வேர்க்கொம்பும் (சுக்கு) மிளகும் தட்டிப்போட்ட கசாயம் வயிற்று வழிக்காரர்களுக்கு எதிர்மாறாக வேலை செய்யலாம். வெறுவயிற்றில் அதைக் காலை மாலை குடித்து, எரிவைக் கூட்டிக்கொண்டு, கூடிய சளிக்கு இன்னும் காரமாகக் குடித்தவர்களில் நானும் ஒருத்தி.

10. டொக்டரிடம் போகும்போது

எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் பாதியளவாவது குறையவில்லையென்றால் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால், வெளிநோயாளர் பிரிவில் காட்டியோ உங்கள் குடும்ப டொக்டரிடமோ கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். கொப்பியையும் குளிசைத் துண்டையும் கொண்டு போங்கள்.

"சளி, டொக்டர்" என்று தொடங்கினால் சளி மருந்துதான் கிடைக்கும். "மூன்று மாதமாகச் செருமல், படுத்தால் கூடும், காலையில் குரல் அடைக்கும், மூக்குக் கழுவிப் பார்த்தேன், அதில் குறையவில்லை" என்று சொல்லுங்கள். அவருக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் மிச்சம். மெல்லிய குழாயை மூக்கால் விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டும் என்றால் பயப்படாதீர்கள். மரக்கச் செய்கிற மருந்து அடிப்பார்கள், சில நிமிட வேலை. கண்ணால் தண்ணி வரும், நோகாது.

குறைந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். ஸ்பிறேயை எப்போது குறைப்பது என்று தந்தவரிடம் கேளுங்கள். கழுவுவதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பிறகு புழுதி நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது சோளகம் தொடங்குகிற வைகாசியில் போத்தலை எடுத்து, காற்று அடங்கிய பிறகு கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். செங்கல் இரண்டும் கட்டிலுக்குக் கீழேயே இருக்கின்றன.